தஞ்சாவூர்க்காரன் எடுத்த களை

தஞ்சாவூரில் பிறந்தவனுக்கெல்லாம் விவசாயம் தெரியும் என்று புனேக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனமே வந்ததில்லை. உண்மையில் என் அப்பா வங்கி குமாஸ்தா. நான் நெற்பயிரைப் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான் (அதுவும் ஜன்னல் சீட் கிடைத்தால்).

புனேயின் ஔந்த் பகுதியில் எங்கள் கம்பெனி நெல் விவசாயிகளுக்கு ஒரு செயலி தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்காக வியட்நாமிலிருந்து லான் என்ற அம்மாளும், பிலிப்பைன்ஸிலிருந்து ரமோன் என்பவரும் வந்திருந்தார்கள். இருவரும் விவசாயிகள். அவர்களை புனேயை அடுத்த மாவள் பக்கம், எல்லோரும் ஷிண்டே காகா என்று கூப்பிடும் மராத்தி விவசாயியின் வயலுக்கு அழைத்துப்போய், மூவரையும் மனம்விட்டுப் பேசவைக்க வேண்டும். பேச்சு நடந்தால் எனக்கு டீம் லீடர் பதவி. இல்லாவிட்டால் திட்டமே ஊற்றி மூடப்படும். "விவசாயம் நம்ம ரத்தத்துலயே இருக்கு சார்" என்று மேலாளரிடம் இந்தியில் மார்தட்டிவிட்டு வந்தேன்.

சாங்வியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே என் மனைவி வித்யா தடுத்தாள். "ஏங்க, கொத்தமல்லி வாங்கச் சொன்னா புதினா வாங்கிட்டு வர்ற ஆளு நீங்க. எதுக்கு இந்த வீராப்பு?"

"நீ சும்மா இரு. மண்ணைத் தொட்டா தானா வரும்!"

வரப்பில் டீ வந்தது. பேச்சுதான் வரவில்லை. மொழிபெயர்க்கக் கையில் போன் இருந்தும், மூவரும் பெண் பார்க்க வந்த சம்பந்திகள்போலச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில், "நல்லா இருக்கு." பதவி கண்ணெதிரே நழுவியது.

பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். களை எடுத்துக்கொண்டே பேசினால் கலகலப்பாகிவிடும் என்று கணக்கு. ஒரு வரிசை முழுக்க மளமளவென்று பிடுங்கி, கையை உயர்த்திக் காட்டினேன்.

"அரே தேவா! ஹே காய் கேலந்த், சாஹேப்?" என்று அலறினார் காகா. என்ன செய்துவிட்டீர்கள் என்கிறார்! பாராட்டு என்றே முதலில் நினைத்தேன் (புத்தி அப்படி).

லான் அம்மாள் இறங்கி வந்து என் கையிலிருந்ததை வாங்கினார். இலை தண்டோடு சேருமிடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருந்தது. அது நெல்லுக்கு உண்டு, களைக்குக் கிடையாதாம். ஆக, நான் பிடுங்கியது அத்தனையும் நெல். களையெல்லாம் பத்திரமாக நின்றது.

ரமோன் அந்தக் களையைக் காட்டி ஏதோ கத்தினார். காகா மராத்தியில் அதன் பரம்பரையையே திட்டினார். லான் அம்மாள் தன் பங்குக்குத் திட்டினார். மூன்று நாட்டிலும் அதே களை, நெல்லைப் போலவே நின்று ஏமாற்றும் அதே வேலை! மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு சேற்றில் இறங்கி, நான் பிடுங்கியதை மறுபடி நட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினார்கள். சைகையும் அரைகுறை ஆங்கிலமுமே போதுமாக இருந்தது; போன் பக்கமே யாரும் போகவில்லை. நான் கரையில் உட்கார்ந்து, புரிந்ததையெல்லாம் வெட்கத்தோடு எழுதித் தள்ளினேன்.

பதவி கிடைத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அறுவடை முடிந்ததும் காகா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். "சாஹேப் கைக்குத் தப்பியது" என்று மேலே சீட்டு. இப்போது வருடா வருடம் வருகிறது.

"என்ன அரிசி இது, இவ்வளவு வாசனை?" என்று விருந்தாளி யாராவது கேட்டால் போதும், "தப்பிச்ச அரிசி" என்று என் மகள் முந்திக்கொள்வாள். தமிழில் அவள் திக்காமல் சொல்லும் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. வித்யா கரண்டியை வைத்துவிட்டுக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் நிமிராமல் சாப்பிடுவேன்.