சாமான் சரியில்லை

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். வேலை ஒன்று முன்னால் வந்து நிற்கும். கையிலிருக்கும் கருவியைப் பார்ப்பார், வேலையைப் பார்ப்பார், மறுபடி கருவியைப் பார்ப்பார், பிறகு உதட்டைப் பிதுக்கி, "சாமான் சரியில்ல" என்பார். அத்தோடு வேலை ஒத்திவைக்கப்பட்டது. இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி பேசாமல் படுத்திருப்பான். இவரோ சரியான சாமானைத் தேடி, காடு மேடெல்லாம் அலைந்து, செருப்புத் தேய்ந்து, முன்னைவிடக் களைத்துப்போய் வீடு திரும்புவார். இந்த இனத்தில் ஒருவரைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டுமானால் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கும் அழகையா அங்கேதான் இருக்கிறார்.

அழகையா வீட்டில் ஒரு பழைய வேன் உண்டு. ஓட்டுவது பெரும்பாலும் அவர் மனைவி ரெங்கம்மா. இடியப்பமும் வடையும் ரோல்ஸும் செய்து பதுளை டவுனில் நாலைந்து கடைகளுக்குப் போடுகிற மனுசி. ஜனவரியில் ஒருநாள் முன்பக்க பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது.

"கராஜ்ல விட்டுருவோமாங்க?" என்றாள் ரெங்கம்மா.

"கராஜ்லயா? கண்ட ஸ்பெனரையும் போட்டு நெட்டெல்லாம் மழுக்கிப்புடுவானுங்க. பிரேக் பேட் மாத்துறது என்ன பெரிய வேலையா? நானே மாத்துறேன்."

அன்றைக்கே புது பேட்களும் வாங்கிவந்து ஆரம்பித்தார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேனைத் தூக்கி, முன் சில்லைக் கழற்றி, பிரேக்கைப் பிடித்திருக்கும் பதினாலாம் நம்பர் போல்ட்டில் ஸ்பெனரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். போல்ட் அசையவில்லை. ஸ்பெனர் வழுக்கி, போல்ட்டின் ஒரு மூலை இலேசாக மழுங்கியது. அழகையா நிமிர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சாமான் சரியில்ல."

அதற்கப்புறம் ஐந்து மாதம்!

ஒவ்வொரு சனிக்கிழமையும் பதுளையில் மிப்ரானின் இரும்புக் கடை திறக்கும்போது அழகையா வாசலில் நிற்பார். ஸ்பெனரைக் கையிலெடுத்து எடை பார்ப்பார். 'குரோம் வனேடியம்' என்ற எழுத்து இரும்பிலேயே அச்சடித்ததா, மேலே மை பூசியதா என்று நகத்தால் சுரண்டுவார். வெளிச்சத்தில் பிடித்து அதன் வாய் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பற்சக்கரம் வைத்த திருகுபிடியான ரெட்செட்டைக் காதருகே வைத்துத் திருகி, அதற்குள் எத்தனை பல் என்று சத்தத்திலேயே சொல்வார்.

"எழுபத்திரண்டு பல்லு. பரவால்ல. ஆனா பிடியில எண்ணெ பட்டா வழுக்கும். இத விட நல்லது இல்லையா தம்பி?"

"இதுக்கு மேல ஜெர்மன் சாமான்தான் ஈக்கு அண்ணே. எடுத்துத் தாரேன், பாருங்க."

ஜெர்மன் சாமானையும் பார்ப்பார். போல்ட் தலையைத் தொப்பிபோல் மூடிப் பிடிக்கும் சொக்கட்டின் உட்சுவர் கொஞ்சம் தடிப்பு என்பார். "யோசிச்சிட்டு வர்றேன்" என்று மிப்ரான் கொடுத்த, பால் விடாத பிளேன்டியைக் குடித்துவிட்டு இறங்குவார். ஒருமுறை, மொனராகலையில் யாரோ சீனி ஆலைப் பழைய ஸ்பெனர்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தார். கொண்டுவந்தது ஸ்பெனரா? இல்லை. நெற்றியில் கட்டும் லைட் ஒன்று.

அதற்காக அவர் எதுவுமே வாங்கவில்லை என்று சொன்னால் பாவம். வேனைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்கள் முதல் தரம். ஐந்து மாதமும் அசையாமல் நின்றன. சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டோர்க் ரென்ச் ஒன்று, பெட்டியோடு, நுரைமெத்தையில் தூங்கியது. பற்றரியில் ஓடும் ட்ரில் மெஷின் ஒன்று இருந்தது. அது இதுவரை போட்ட துளைகள் பன்னிரண்டு, பன்னிரண்டும் மற்றச் சாமான்களைச் சுவரில் தொங்கவிடுவதற்கு. நெட் கழற்றும் இம்பெக்ட் மெஷின்கூட இருந்தது. அதால் அந்த போல்ட்டைக் கழற்றக் கூடாதா என்கிறீர்களா? ரெங்கம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

"வெளங்காமப் பேசாத. இந்த மெஷினுக்குச் சாதா சொக்கட் போட்டா வெடிச்சுத் தெறிச்சிரும். அதுக்குன்னு கறுப்பு சொக்கட் இருக்கு, குரோம் மொலிப்டினம். அதுலயும் ஆறு மூல. பன்னெண்டு மூல போட்டா மழுங்குன போல்ட்டு இன்னும் மழுங்கும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இந்த இனத்தார் தப்பாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். அழகையா இதைச் சோற்றில் குழம்பை ஊற்றும்போதும் சொல்வார், பல் விளக்கும்போதும் சொல்வார். ரெங்கம்மா கேட்டுக்கொண்டே இடியப்ப வாளிகளோடு பஸ் ஏறுவாள். பஸ்ஸில் வாளிக்கு இடமில்லாத நாளில் வடை நசுங்கும். இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூனில் பெரகலயிலிருந்து ஒரு கல்யாண ஓர்டர் வந்தது. ஞாயிறு காலைச் சாப்பாடு, நானூறு பேருக்கு. ரெங்கம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"வேன் இல்லாம எப்பிடிப் போவ?" என்று திகைத்தார் அழகையா.

"வேனு இருக்குல்ல. சில்லுதானே இல்ல."

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் ரெங்கம்மா பதுளைக்குப் போய் மிப்ரானின் கடையில் நின்றாள்.

"பதினாலாம் நம்பர் சொக்கட் ஒண்ணு குடுங்க தம்பி. கறுப்பு, குரோம் மொலிப்டினம், ஆறு மூல. உட்சுவரு மெல்லிசா இருக்கணும். அரை இஞ்சிப் பிடி, நீளமானது. துரு எளக்குற ஸ்ப்ரே ஒரு டின்னு."

மிப்ரான் வாயைப் பிளந்தான். "அக்கா மெக்கானிக் வேல படிச்சீங்களா?"

"தெனமும் சோறு போடுறேன்ல, அப்பப் படிச்சது."

சாமான் முதல் தட்டிலேயே இருந்தது. அழகையா அதை ஐந்து மாதத்தில் ஏழு தடவை கையிலெடுத்துப் பார்த்து வைத்திருந்ததாக மிப்ரான் சொன்னான்.

மத்தியானம் போல்ட்டுக்கு ஸ்ப்ரே அடித்து, இடியப்ப மாவு குழைத்து முடித்து, திரும்ப ஒருமுறை அடித்தாள். அழகையா வேலை விட்டு வந்தபோது, ரெங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொக்கட் பிடியில் தண்ணிக் குழாய் ஒன்றைச் சொருகி, அதன் நுனியை இரண்டு கையாலும் மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஏய்! போல்ட்டு முறிஞ்சிரும்!"

'டக்.'

முறியவில்லை. கழன்றது. கையாலேயே திருகி எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. இனி ஒங்க வேல."

அழகையா போல்ட்டைப் பார்த்தார். சொக்கட்டைப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆறு மூலை, கறுப்பு, மெல்லிய சுவர். சரியான சாமான் கிடைத்துவிட்டால் பிறகு மிஞ்சுவது அவருடைய இரண்டு கைகள் மட்டும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டோரில் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்த கைகள். எதையும் கழற்றிப் பூட்டிப் பழக்கமில்லை.

"ரெங்கம்மா," என்றார் மெதுவாக. "நா மாத்தி, பிரேக்கு பிடிக்கலன்னா?"

ஐந்து மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மையான காரணம் அது. அவள் சிரிக்கவில்லை.

"தோட்டத்து ரோட்டுல மெதுவா ஓட்டிப் பாப்போம். பிடிக்கலன்னா கராஜ்காரர நானே கூட்டிட்டு வர்றேன். மொதல்ல குந்துங்க."

குந்தினார். முதல் பேட்டைத் தவறுதலாகத் திருப்பிப் போட்டுவிட்டார். இரும்புப் பக்கம் உள்ளே போய்விட்டது. கழற்றினார். திரும்பப் போட்டார். கராஜில் அரை மணி நேர வேலை, அவருக்கு இரண்டு சில்லுக்கும் மூன்றரை மணி நேரம் எடுத்தது. விரல் மூட்டில் தோல் உரிந்தது. கடைசி போல்ட்டில் டோர்க் ரென்ச்சை வைத்து இறுக்கினார். 'டிக்' என்றது. அழகையாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை என்பது ரெங்கம்மாவின் சாட்சியம்.

பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து இறுக்கிக்கொண்டு, தொழிற்சாலை இறக்கத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாக. நின்றது. ஞாயிறு விடிகாலையில் நானூறு பேரின் சாப்பாடும் பெரகலக்குச் சூடாறாமல் போய்ச் சேர்ந்தது. நசுங்கிய வடை ஒன்றுகூட இல்லை.

அழகையா திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். பந்தி நடக்கும்போதே மாப்பிள்ளையின் தகப்பனாரை ஓரமாக இழுத்துவைத்து, ஆறு மூலைக்கும் பன்னிரண்டு மூலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு மாற்றம், பேசும்போது விரல் மூட்டுக் காயம் வெளியே தெரியும்படி கையை நீட்டிக்கொண்டார்.

என்ன, சிரிக்கிறீர்களா? உங்களிடம் வேனே இல்லை, அப்படித்தானே? நல்லது. நடைப்பயிற்சிக்கு ஏற்ற சப்பாத்து எது, புத்தகம் எழுத ஏற்ற மேசை எது, வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற மண்வெட்டி எது என்று நீங்கள் எவ்வளவு காலமாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அலமாரிக்கு மேல் உறை பிரிக்காமல் ஏதாவது இருக்கிறதா? எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். வீட்டிலிருப்பவர்களைக் கேளுங்கள், எத்தனை மாதமாக என்று அவர்கள் சொல்வார்கள்.