பெருத்த கெண்டைக்கால்

கதிர்க்கண்ணரின் கண்ணுக்குச் சுவர்க் கடிகாரம் தெரியாது. ஆனால் தோலுக்கு அடியில் தசை தெரியும். தசைக்கு அடியில் பரம்பரைச் சாபம் தெரியும். அதனால் சைக்கிள் கடை மாடியில் கூட்டம். நடக்க முடியாதவர்களை நடக்க முடிந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கீழே ஏன் உட்காரவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை.

தையல்காரர் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். கால் தளர்ச்சி. தாய்மாமனுக்கும் இருந்தது.

"தாய்வழிச் சாபம்" என்றார் கண்ணர். உடன் வந்த அம்மா குறுகிப்போனாள்.

எண்ணெய் தடவினார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். டாக்டர் இதயத்துக்குக் கொடுத்த மாத்திரை. தசையைத் தின்னும் இந்த நோய் இதயத்தையும் விடாது, அதுவும் தசைதானே.

வாராவாரம் கெண்டைக்காலை நூலால் அளந்தார். பெருத்திருந்தது.

"பலம் ஏறுது."

அளவு என்றால் தையல்காரர் நம்பாமல் இருப்பாரா? நம்பினார். தங்கைக்கு ஸ்கேன் அறையில் வேலை. அவள் நம்பவில்லை.

"சுத்தளவு எடுத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியுமாண்ணே? பஞ்சடைச்ச தலகாணியும் பருமன்தான்."

அண்ணனுடைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கறுப்பு சதை. வெள்ளை கொழுப்பு. உன் கெண்டைக்கால் எப்படி இருக்கு?"

"வெள்ளையா."

"தொடையில ரெண்டு ஒல்லித் தசை மட்டும் தப்பிச்சிருக்கு பாரு. எது போச்சு, எது நின்னுச்சுங்கறத வெச்சுத்தான் டாக்டர் நோய மோப்பம் பிடிச்சாரு. அப்புறம் ரத்தத்துல மரபணு பாத்து உறுதி பண்ணாங்க."

"மெஷின் தப்பா காட்டாதா?"

"சரி, கண்ணரையே கேப்போம். அவர் தப்பாச் சொன்னா மாத்திரை போடுவியா?"

"போடுறேன்."

மறுவாரம் மாடியில் அவள் பணிவாகக் கேட்டாள். "முகம் பாக்காம சதைய மட்டும் பாத்துச் சொல்வீங்கல்ல, சாமி?"

கூட்டத்தின் முன் மாட்டேன் என்பாரா?

ஒரு போர்வையைக் குறுக்கே கட்டினார்கள். அதற்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் மட்டும். கண்ணர் கண்ணை மூடினார். பிறகு லேசாகத் திறந்தார். பெருத்த காலைத் தொட்டார்.

"வம்சத்துலயே நோய் அண்டாத கால். மூட்டை தூக்கற கால்."

மெலிந்த காலைத் தொட்டதும் நடுங்கினார். "அய்யோ, ஏழு தலைமுறைச் சாபம்."

மூன்றாவதைத் தொடுவதற்குள் தங்கை போர்வையை உருவினாள்.

நோய் அண்டாத கால் தையல்காரருடையது. இத்தனை வாரம் கண்ணர் தடவிய கால். சாபக் கால் வாசலில் டோக்கன் கொடுக்கும் சீடருடையது. "சாமி கூப்பிடுறார்" என்று தங்கை சொன்னதும் நம்பி வந்து உட்கார்ந்தவர். நம்பிக்கை அங்கே தொற்று.

சீடர் கண்ணரைப் பார்த்து அழுதார். "ஒரே வயித்துல பொறந்தோம். ஏழு தலைமுறையும் நமக்கு ஒண்ணுதானே, அண்ணே."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பழக்கமில்லாததால் கொஞ்சம் தாமதம். பிறகு சிரிப்பு படிக்கட்டு வரை உருண்டது. மூன்றாவது ஆள், நிஜ மூட்டைக்காரர், எழுந்து கேட்டார்: "அப்ப என் கால் யாரோடதுங்க?"

"இன்னைக்கு மேகமூட்டம்" என்றார் கண்ணர்.

தையல்காரர் தன் தொடையிலேயே கையூன்றி மெல்ல எழுந்தார். "தண்ணி குடு" என்றார். தங்கை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"அப்ப நான் குடுத்த சாபம்?" என்றாள் அம்மா.

"மரபணுவுல எழுத்துப் பிழைம்மா. உடம்பு படிக்கற பாடத்துல ஒரு எடத்துல தப்பு. நீ எழுதினது இல்ல."

அம்மா நிமிர்ந்தாள். கண்ணரைப் பார்த்தாள். "எழுத்துப் பிழைக்கா எண்ணெய் தடவுன, பாவி?"

தோலுக்கு உள்ளே பார்க்கக் கருவி வந்துவிட்டது. மண்டைக்கு உள்ளே இருப்பதைப் பயன்படுத்தக் கருவி எதுவும் வேண்டாம்.