முயல் உப்புக்கண்டம் காய்ச்சப் போனேன்

போர்க்காலத்தில் எங்கள் ஊரில் ஒருவனுக்குத் தகுதியே இல்லாத வேலை கிடைப்பது பெரிய அதிசயம் அல்ல. தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர் கனடாவுக்கும் மீதிப் பேர் கொழும்புக்கும் போய்விட்டார்கள். எஞ்சிக் கிடந்தவர்களைப் பிடித்துத்தான் நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அப்படித்தான், அடுப்பில் வைத்த சுடுதண்ணீர் கொதித்துவிட்டதா என்பதைக்கூட அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கும் நான், மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தின் போசாக்கு உத்தியோகத்தர் ஆனேன். (உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தேன். எத்தனை தரம் படித்தேன் என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை.)

நிறுவனத்தின் திட்டம் முயல் வளர்ப்பு. பாதை பூட்டினால் சந்தைக்கு மீன் வராது, இறைச்சி வராது. பிள்ளைகள் வெறும் சோறும் சொதியுமாய் மெலிந்துகொண்டிருந்தார்கள். முற்றத்தில் ஒரு சோடி முயல் இருந்தால் முள்முருக்கு இலையைத் தின்று தானாகப் பெருகும், வீட்டுக்குப் புரதம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பக்கத்து ஊரான தன்னாமுனையில் வீடு வீடாக முயல் கொடுத்தோம். முயல்கள் பெருகின. புரதம்தான் பெருகவில்லை. ஒரு முயலையும் யாரும் வெட்டவில்லை. காரணம், பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் முயலுக்குப் பொட்டு வைத்து, கழுத்தில் மணியும் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் போய், "அக்கா, இதில நல்ல இரும்புச்சத்து இருக்கு" என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு மிஸ் வருகிறார் என்று செய்தி வந்தது. சனங்கள் முயல் சாப்பிடுகிறார்களா என்று நேரில் பார்ப்பார். இல்லையென்றால் திட்டத்துக்கும் பூட்டு, எனக்கும் பூட்டு. நான் உடனே வீரமாக ஒரு யோசனை சொன்னேன். மின்சாரம் இல்லாத ஊரில் குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் உடுப்பு அலுமாரியாகிவிட்டன. பச்சை இறைச்சியை யார் வைத்துச் சாப்பிடுவார்கள்? உப்புக்கண்டம் போட்டால் கெடாது. ஆகவே முயல் உப்புக்கண்டத்தை நானே போட்டு, நானே கறி காய்ச்சி, பெண்களுக்குச் செய்து காட்டுகிறேன்!

இதில் ஒரு சிறிய சிக்கல் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகும்வரை நான் மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். (என்னைக் கேட்டு நேரவில்லை. பிள்ளையாரையும் கேட்டிருக்கமாட்டார்.) ஆக, இறைச்சி சாப்பிடும்படி ஊருக்குச் சொல்ல வேண்டியவன் அதை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது.

நிறுவனத்தின் முயல் பண்ணையில் தோலுரித்துக் கொடுத்த இறைச்சியை எலும்பு நீக்கிக் கீற்றுக் கீற்றாய் வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் பூசி, நூலில் கோத்து எங்கள் வீட்டு உடுப்புக் கொடியில் காயவிட்டேன். உப்பு எவ்வளவு என்று புத்தகத்தில் பார்த்தேன். 'தாராளமாக' என்று போட்டிருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் முழுமனதோடு பின்பற்றினேன். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையில் தடியோடு காகம் விரட்டினார்.

இறைச்சி கறுத்து விறகு போலக் காய்ந்ததும், மிஸ் வருவதற்கு முதல் நாள் அதைப் பையில் போட்டுச் சைக்கிளில் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வந்தவர்களும் நானுமாக எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிப்பாய் என் பைக்குள் கைவிட்டு இழுத்தான். கறுப்புக் கறுப்பாய், நூலில் கோத்த மாலை ஒன்று நீளமாக வெளியே வந்தது. அவன் முகம் மாறியது. துவக்கைத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கிக்கொண்டு, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரே பொருத்தமான சொல் 'மஸ்'. இறைச்சி. சொன்னேன். என்ன இறைச்சி என்று அடுத்த கேள்வி. முயலுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் எந்த உயிரியல் புத்தகமும் எனக்கு உதவவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காதாக நிமிர்த்திக் காட்டினேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

கையைத் தூக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதென்று பாவங்கள் நினைத்திருக்கிறார்கள். ஒரு ஐயாவின் பையிலிருந்து கத்தரிக்காய்கள் றோட்டில் உருண்டன. ஒரு பெண்ணின் குடை விழுந்தது. சிப்பாயே பயந்துபோய் இரண்டு அடி பின்னால் வைத்தான். நிலைமை கைமீறுகிறது என்று விளங்கியதும், இது சரணடைதல் அல்ல, முயல்தான் என்று நிரூபிப்பதற்காக, கைக்காதுகளை அசைத்தபடி அந்த இடத்திலேயே துள்ளினேன்.

"ஹாவா!" என்று முயலின் சிங்களப் பெயரைக் கத்திவிட்டு அவன் சிரிக்கத் தொடங்கினான். காவலரணுக்குள் இருந்த மற்றவனையும் கூப்பிட்டான். அவனுக்காக இன்னொரு முறை துள்ள வேண்டியிருந்தது. (முதல் தடவையைவிட இரண்டாவது நன்றாக வந்தது.) பிறகு பையைத் திருப்பித் தந்து போகச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தன்னாமுனையில் மாதர் சங்கக் கட்டடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தது. சங்கத் தலைவி நேசம்மா அக்கா வாசலில் நின்றார்.

"வாங்க தம்பி. நடந்து வாறீங்களா, துள்ளி வாறீங்களா?"

உள்ளே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். குடை விழுந்த அந்தப் பெண்ணும் அவர்களுக்கு நடுவில் இருந்தாள். பெயர் ரதி. சங்கக் கட்டடத்துக்கு அடுத்த வீடு.

"உங்களால நான் கையத் தூக்கினன்," என்றாள். "குடைக்கம்பி ரெண்டு வளைஞ்சு போச்சு."

நான் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில், உப்புக்கண்டத்தை உடனே ஊறவைக்க வேண்டும், அப்போதுதான் உப்பு இறங்கும் என்று விஞ்ஞானமாகப் பேசினேன்.

"தண்ணி அள்ளித் தரட்டா தம்பி?" என்றார் நேசம்மா அக்கா.

"வேணாம் அக்கா. எல்லாம் நானே பாப்பன்."

கட்டடத்துக்குப் பின்னாலேயே ஒரு கிணறு இருந்தது. கண்ணாடி போலத் தண்ணீர். அதில் அள்ளி ஊறவைத்தேன். புத்தகத்தில் சொன்னபடி தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். மறுநாள் காலையில் வந்து மறுபடியும் மாற்றி, அதே கிணற்றுத் தண்ணீரில் அவித்தேன். தேங்காய்ப்பால் விட்டு, கொச்சிக்காய்த்தூள், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை போட்டுக் கறியாக்கினேன். கடைசியில் புத்தகத்தின் இன்னொரு வரி கண்ணில் பட்டது: 'உப்பு அளவாக'. சரி என்று அதையும் அளவாகப் போட்டேன்.

மிஸ் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத, நல்ல தமிழ் பேசுகிற அம்மா. முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் பாடமாக்கி வைத்திருந்த உரையை அவிழ்த்துவிட்டேன். முயல் இறைச்சியில் புரதம் அதிகம், இரத்தத்துக்கு இரும்புச்சத்து உண்டு, கொழுப்பு மிகக் குறைவு, ஆகவே தேங்காய்ப்பாலோடு காய்ச்சினால் உடம்புக்குத் தெம்பு, பிரஷர் உள்ளவர்கள் உப்பை நன்றாக இறக்கிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நேசம்மா அக்கா கையை உயர்த்தினார். "முயல் திண்டா முயலப்போல ஓட ஏலுமா தம்பி? இப்ப எங்களுக்குத் தேவையான சத்து அதுதான்."

சபை சிரித்தது. மிஸ்கூடச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் ஒரு தட்டில் சோறு போட்டு, கறியைத் தாராளமாக ஊற்றி அவரிடம் நீட்டினேன். அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார்.

மனித முகத்தில் இத்தனை தசைகள் இருக்கின்றன என்று நான் உயிரியலில் படித்திருக்கிறேன். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் அவர் பெரிய இடத்துப் பெண்மணி. துப்பவில்லை. மென்றார். விழுங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, முழுவதையும் குடித்து முடித்தார்.

"நீங்க ருசி பாத்தனீங்களா?" என்று கேட்டார்.

"நான் மச்சம் சாப்பிடுறதில்ல மிஸ்."

இதைவிட மோசமான பதிலை இந்த உலகத்தில் எந்தப் போசாக்கு உத்தியோகத்தரும் சொல்லியிருக்க முடியாது. அவர் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்தார். என் வேலையும் அவருக்குப் பின்னால் நடந்து போவது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஏறாவூர்ப் பக்கமாக ஒரு பெரிய சத்தம். அதன்பிறகு வெடிச்சத்தங்கள். எல்லோரும் நிலத்தில் குந்தினோம். மிஸ் ஓடிவந்து நேசம்மா அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ஆனால் பாதை பூட்டியாயிற்று, யாரும் அசைய வேண்டாம் என்று சாரதி வந்து சொன்னார்.

நேசம்மா அக்காவின் சிரிப்பு அடங்கிவிட்டது. அவருடைய புருஷன் விடியவே மீன் பிடிக்கத் தோணியில், கட்டடத்துக்குப் பின்னால் விரிந்து கிடந்த வாவிக்குப் போயிருந்தார். அக்கா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் திரும்பியது. எல்லோருக்கும் பசி. கையில் இருந்தது ஒரு பானை சோறும் என்னுடைய கறியும்தான். ரதி சட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எங்க தண்ணி அள்ளினீங்க?"

நான் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்தக் கிணத்திலயா? அது கால் கழுவுற கிணறு! கோடையில வாவித் தண்ணி முழுக்க அதுக்குள்ளதானே நிக்கும்!"

யன்னலடியில் நின்ற நேசம்மா அக்கா திரும்பாமலே சொன்னார்: "உப்பை உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, உப்புத் தண்ணியில அவிச்சு, மறுகா உப்பும் போட்டிருக்கார்."

நிலத்தில் குந்தியிருந்த மிஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவரும் அடக்கவில்லை. அத்தனை நேரம் பயத்தில் இறுகிக் கிடந்த கட்டடம் கலகலத்தது. வெளியே நின்ற சாரதி என்ன நடந்ததென்று தெரியாமல் எட்டிப் பார்த்தார்.

ரதியும் இன்னும் இரண்டு பெண்களும் றோட்டுப் பக்கத்து நல்ல கிணற்றில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழம்பை வடித்துக் கொட்டினார்கள். இறைச்சியைக் கழுவி, அவித்து, அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு மறுபடி அவித்தார்கள். ரதி வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. கிழங்கை உப்பில்லாமல் துண்டு துண்டாய்ப் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டார்கள். என்னைச் சட்டிக்குக் கிட்ட வரவேண்டாம் என்று சொல்லி, தேங்காய் திருவும் வேலையைத் தந்தார்கள். (அதிலும் விரலை வெட்டிக்கொண்டேன். அது வேறு.)

அந்த நேரத்தில் கரையில் ஒரு தோணி வந்து முட்டியது. நேசம்மா அக்காவின் புருஷன்! சத்தம் கேட்டதும் கண்டல் மரங்களுக்குள் தோணியைச் செருகிவிட்டு ஒளிந்திருந்தாராம். பசியோடு உள்ளே வந்தவர், கழுவாமல் ஓரமாய் வைத்திருந்த பழைய கறித்துண்டு ஒன்றை யாரும் தடுக்குமுன் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"கருவாடு சோக்கா இருக்கு. என்ன மீன்?"

நேசம்மா அக்கா அழுகையும் சிரிப்புமாய் அவருடைய முதுகில் ஒரு அடி வைத்தார். "தரையில ஓடுற மீன். திண்டுட்டு இருங்க!"

அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். முயலுக்கு மணி கட்டிய வீட்டு அம்மாகூட, "பிள்ளையள் கேட்டா கோழி எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் வாங்கினார். மிஸ்ஸும் இரண்டாம் தரம் வாங்கினார். பொழுது சாயும் நேரம் பாதை திறந்ததும் வாகனத்தில் ஏறியவர், யன்னலால் தலையை நீட்டினார்.

"றோட்டுப் பூட்டின நாளுக்கு இதவிட நல்ல சாப்பாடு இல்ல. திட்டம் தொடரட்டும். செய்து காட்டுறதுக்கு இந்தப் பிள்ளை ரதிய எடுங்கோ. நீங்க, தம்பி..." கொஞ்சம் யோசித்தார். "நீங்க முயல்கூடு அடிக்கிற பக்கத்துக்குப் போங்கோ."

போனேன். அதில் நிரந்தரமும் ஆனேன். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அடுத்த ஆண்டு, குடைக்கம்பி வளைந்ததற்கு நட்டஈடாக ரதி என்னையே எடுத்துக்கொண்டாள். கலியாணப் பந்தியில் அவளுடைய உறவினர்கள் ஒவ்வொருவரும் கறியைத் தொடுமுன், "இது மாப்பிள்ளை காய்ச்சினதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மகள் இப்போது லண்டனில் இருக்கிறாள். போன கிழமை சமைத்துக்கொண்டே வீடியோவில் தாயைக் கூப்பிட்டாள். "அம்மா, கறியில உப்புக் காணாதுபோல கிடக்கு. என்ன செய்யுறது?"

ரதி போனைத் தூக்கி, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் பக்கமாகத் திருப்பினாள்.

"ஒருக்கா கொப்பாட முகத்தப் பாத்துட்டுக் கிண்டு புள்ள. உப்புக் காணும்."