நானே இழுத்துப் போட்டுக்கொண்டது

பிடோக்,
ஞாயிறு காலை

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் முத்துராமன் அவர்களுக்கு,

தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சிவகாமசுந்தரியும் நலம். மார்சிலிங்கில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். தாங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும் என்பதால் கடிதம் எழுதுகிறேன். "என் தம்பி கம்ப்யூட்டரில் பாடம் தயாரிக்கிறான்" என்று அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். தயவுசெய்து அதை அழிக்கச் சொல்லவும்.

லிட்டில் இந்தியாவில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் துணைப்பாட நிலையத்தின் பொறுப்பாளர் மோகனப்பிரியா, "இனிமே வீட்டுப்பாடம் எல்லாம் ஆன்லைன்லதான். கோடிட்ட இடத்துக்குப் பிள்ளைங்க சொல்லை இழுத்துட்டு வந்து விடணும். யாரு செஞ்சு தர்றீங்க?" என்று கேட்டார். இளம் ஆசிரியர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். மறைக்கவேண்டிய சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், சொல் கழன்று கீழே வந்துவிடும், அதன் இடம் காலியாகிவிடும். நான் பின்னால் போட மறந்தேன், கணினி அடுத்த நட்சத்திரம்வரை எல்லாவற்றையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டது, பிள்ளைகள் அரைப் பத்தியை அப்படியே தூக்கிக்கொண்டு திரையெங்கும் அலைந்தார்கள். அதைத் திருத்தினால், விடைகள் சரியான வரிசையிலேயே கீழே நின்றன. பிள்ளைகள் படிக்காமலே இழுத்துவிட்டு முழு மதிப்பெண் வாங்க, நான் அதை என் திறமை என்று மோகனப்பிரியாவிடம் பீற்றிக்கொண்டேன். "சார், வார்த்தைங்களைக் கலைச்சு விடணும் சார்" என்றார் அவர், மெதுவாக.

கலைத்தேன். கண்மணிக்குப் பூஜ்யம் வந்தது.

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் அவள். 'என் குடும்பம்' என்பது பயிற்சி. பேருந்து ஓட்டுகிறார், செய்தித்தாள் படிக்கிறார் என்பதற்கெல்லாம் அப்பா, சமைக்கிறார், துணி மடிக்கிறார் என்பதற்கு அம்மா என்று விடை வைத்திருந்தேன். கண்மணி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டிருந்தாள்.

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். தாய் பஸ் ஓட்டுநர் சீருடையில் இருந்தார்.

"சார், எங்க வீட்ல அப்பாதான் சமைக்கிறாரு. அது எப்படி சார் தப்பாகும்?" என்றாள் கண்மணி.

"நான் இப்ப பஸ்ஸை விட்டுட்டுத்தான் வர்றேன்லா" என்றார் தாய். "கம்ப்யூட்டர் ஒத்துக்கலையாமே."

ஒத்துக்கொள்ளாதவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சிஸ்டத்துல ஏதோ பிரச்சினை" என்றேன். வீட்டுக்கு வந்து சிவகாமசுந்தரியிடம் சொன்னேன். என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள், "உங்க சிஸ்டம்தானே. எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

அடுத்த வகுப்பில் எல்லார் முன்னும், பிழை என்னுடையதுதான் என்று சொல்லி, இரண்டு விடையும் சரி என்று மாற்றிக் கண்மணிக்கு முழு மதிப்பெண் போட்டேன். "பரவால்ல சார், நீங்க இப்பதானே கத்துக்கிறீங்க" என்றாள். வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இனி அந்தக் கணினியைத் தொடுவதில்லை, இது உறுதி. லிஃப்ட் பழுதானாலும் படியேறும் முழங்கால்களோடு தாங்களும் அக்காவும் நெடுநாள் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

தங்கள் மைத்துனன்,
தங்கராஜு

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மோகனப்பிரியா போன் செய்தார். மற்ற ஆசிரியர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். "எல்லாத் தப்பையும் நீங்கதான் சார் பண்ணிப் பாத்துட்டீங்க. வேற யாரைக் கேக்கறது?" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டேன். அக்கா போட்டது அப்படியே இருக்கட்டும். கடிதத்தைப் படித்ததும் திருப்பி அனுப்பவும், பாடக்குறிப்புக்கு வேண்டும்.