சம்பந்தியின் முதுகில் மந்த வாயு

என் எல்லாக் கூத்தையும் பொறுத்துக்கொண்ட அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. எடுத்த எடுப்பிலேயே உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று மதியம், மகளின் கல்யாணம் பேச வந்த பையனின் அப்பாவை நான் நாலு தடவை கட்டிப்பிடித்தேன். முதல் தடவை பாசத்தினால். மற்ற மூன்றும் தடயத்தை அழிப்பதற்காக.

மகளும் அந்தப் பையனும் மருந்து ஆலையில் ஒரே மேசையில் வேலை பார்ப்பதும், அங்கே ஈர்ப்பு விசை பூமியினுடையதைவிட அதிகமாக இருப்பதும் உனக்குத் தெரியும். பையனின் அப்பா தலையசைக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. அவரோ ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். முப்பது வருஷம் பாடம் நடத்தியும் பல் தெரியச் சிரித்ததில்லையாம். அதனால் மகள் காலையிலேயே என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய், "அப்பா, இன்னிக்கு ஒரு ஜோக்கும் வேணாம்ப்பா. இது என் வாழ்க்கை" என்றாள். அவள் அம்மா கரண்டியைக் காட்டினாள். அவளுடைய கொதிநிலை எவ்வளவு குறைவு என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். ஆனால் மூடி போட்ட குடுவைக்குள் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பது, கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாகக் குப்பி அடுக்குகிற எனக்குத் தெரியாதா? அங்கே என் பழக்கம் என்னவென்றால், குப்பிகளில் ஒட்ட வேண்டிய பெயர்ச்சீட்டுகளை முதலிலேயே எழுதிச் சட்டைக் கை ஓரத்தில் பாதி வெளியே தொங்கும்படி வரிசையாக ஒட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாய் உரித்து ஒட்டுவேன். வாயால் சொல்லக் கூடாது, சரி, எழுதினால் யாருக்கு நஷ்டம் என்று, பைக்குள் கிடந்த சீட்டுகளில் எனக்கு ஒன்று எழுதினேன்: 'செய்த வேலை: பூஜ்யம்'. எதனோடும் சேராத வாத்தியாருக்கு ஒன்று: 'மந்த வாயு'. பழக்கதோஷத்தில் கை தானாக அவற்றையும் அதேபோலச் சட்டைக் கை ஓரத்தில் ஒட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது, நானும் ஓடினேன், பரவசத்தில் மனுஷனை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டேன்.

அவர் திரும்பி நாற்காலியை நோக்கி நடக்கிறார், முதுகில் என் அழகான கையெழுத்தில் 'மந்த வாயு'! மகள் முகத்தில் ரத்தம் இல்லை. உரித்துவிடலாம் என்று, ஏதோ பேச்சில் நெகிழ்ந்தவன்போல எழுந்து மறுபடி கட்டிப்பிடித்தேன். நகத்துக்கு அகப்படவில்லை, அதோடு 'பூஜ்ய'மும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவையில் பூஜ்யம் கையோடு வந்தது. அதற்குள் கூட வந்திருந்த அவர் மனைவி அவர் முதுகை எட்டிப் பார்த்துவிட்டு, என் மனைவியின் காதில் வியப்போடு கேட்கிறார்: "வாயுத் தொல்லைன்னு உங்க வீட்டுக்காரர் பார்த்ததுமே எப்படிங்க கண்டுபிடிச்சார்? டாக்டருக்கே ஆறு மாசம் ஆச்சு."

நாலாவது தடவை நன்றாக இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்ல உரித்து எடுத்தேன். விலகிப் பார்த்தால் வாத்தியார் கண்ணில் நீர். அக்கா, எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது, மகள் வாழ்க்கை என்னால் கெட்டது என்று நிற்கிறேன். அவரோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கூடப் பொறந்தவங்ககூட என்னை இப்படிக் கட்டிக்கிட்டதில்லைங்க. கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

ஆக, இந்தக் கல்யாணம் முழுக்க முழுக்க என் கைவண்ணம். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல். திடுதிப்பென்று சொன்னால் சந்தோஷத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற தம்பிகள் இல்லாமல் நீடூழி வாழ்க.

என்றும் உன் அன்புத் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் வந்து இதைப் படித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே ஒரு விஷயம் சொன்னாள். அவளும் அந்தப் பையனும் போன மாதமே பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டார்களாம். முதல் சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது.