கிணற்றுச் சங்கத் தலைவரின் அதிகாரங்கள்

“தண்ணியில சவுக்காரம் நாறுது, தலைவரே!”

செம்பை நீட்டியபடி வாசற்படியில் நின்றாள் அடுத்த வீட்டு அஞ்சலை. காஜா பேராங் கிணற்றுச் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் அதை வாங்கி முகர்ந்தார்; ஒரு வாய் குடித்து நாக்கைச் சுழற்றினார். உண்மையில் அவருக்கு வாடை ஏதும் தெரியவில்லை. ஆயினும், குடிமக்கள் முறையிடும்போது ‘எனக்குத் தெரியவில்லையே’ என்பது தலைமைக்கு அழகன்று என்று அவர் கருதினார்.

“நாறத்தான் செய்யுது,” என்றார் கம்பீரமாக. “நடவடிக்கை எடுக்கிறேன்.”

“நீங்க எடுப்பீங்கன்னு தெரியும், தலைவரே!” என்று மனம் குளிர்ந்து போனாள் அஞ்சலை.

மலாய் நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத காலம் அது. நாட்டுக்கு ஓர் அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு, ஒரே கிணற்றை நம்பி வாழும், கம்பம் என்று வழங்கும் தம் சிற்றூருக்கும் ஒன்று வேண்டாமா என்று கலியாணசுந்தரத்துக்குத் தோன்றியது. வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிறர் சொத்துக்குப் பத்திரம் எழுதியே விரல் தேய்ந்தவர். சங்க விதிகளை அவரே எழுதினார். உறுப்பினர்களின் கடமைகள் அதில் ஒரு பக்கத்தில் அடங்கின. மற்றப் பக்கங்கள் அனைத்தையும் தலைவரின் அதிகாரங்களே பிடித்துக்கொண்டன.

தம் திறமையின்மேல் இருந்த நம்பிக்கையால், கிணறு பாழானால் தலைவர் பதவியும் அன்றே பறிபோகும் என்று ஒரு விதியையும் துணிந்து சேர்த்திருந்தார். தண்ணீர் இறைப்பவர்களுக்கே வாக்குரிமை என்று முடிவாயிற்று, இறைப்பவர்கள் பெண்கள். கூட்டத்தன்று அவரைத் தலைவராக்க அத்தனை பெண்களும் ஒருமித்துக் கை தூக்கினார்கள். அந்தக் கம்பத்துப் பெண்கள் அதற்கு முன் எதிலும் ஒத்துப்போனதாகச் செய்தி இல்லை.

அஞ்சலை முறையிட்ட அன்று மாலையே தலைவர் ஆணையிட்டார்: கிணற்றடியில் இனி எவரும் துணி துவைக்கக் கூடாது.

பெண்கள் மறுபேச்சின்றிப் பணிந்தார்கள். சிமெண்டுத் தளம் போட்டு, வடிகாலும் வெட்டியிருந்த கிணற்றடியை விட்டு, வீடுகளுக்குப் பின்னால் மேட்டிலிருந்த வெறுமண்ணில் துவைக்கத் தொடங்கினார்கள். அழுக்குநீர் மண்ணில் ஊறிற்று. சரிவைப் பார்த்து நடந்தது. நேரே கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. அதுவரை முறையீட்டில் மட்டுமே இருந்த சவுக்கார வாடை, இப்போது தண்ணீரிலும் வந்துவிட்டது.

“என்னங்க, இன்னைக்குக் காப்பியை ஆத்தவே வேணாம்,” என்றாள் அவர் மனைவி சிவகாமசுந்தரி, தம்ளரை முன்னால் வைத்து. “நுரை தானா வந்திருச்சு.”

தலைவர் நுரையைப் பார்த்தார். அதில் தம் பதவி குமிழியிட்டு உடைவது தெரிந்தது. கிணற்றை ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டிவிட்டால் புதுநீர் ஊறும் என்று முடிவு செய்தார்.

பெண்டஹாரா சாலையில் மசாலைக் கடை வைத்திருந்த சிஹாபுதீனுக்குக் குருபோங்கில் ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது; தோட்டத்துக்கு ஒரு மண்ணெண்ணெய்ப் பம்பும் இருந்தது. அது லோரியில் வந்து இறங்கியது. கூடவே சிஹாபுதீனும் இறங்கினார்.

“கிராணியாரே, இது கிழட்டுப் பம்பு. கெணத்து வாயில வச்சா எண்ணெய் உள்ளே சொட்டும். இப்பவே சொல்லிட்டேன்.”

“பாய், இந்த இடத்தில் நான் கிராணி இல்லை. தலைவர்.”

“சரி, தலைவரே. தலைவர்னு மரியாதை பாத்துச் சொட்டாம இருக்க அதுக்குத் தெரியாதே!”

பம்பு பகல் முழுதும் உறுமியது. கிணறு வறண்டது. அத்தோடு நில்லாமல், பக்கத்துக் கம்பத்துக் கிணறுகளிலும் நீர் இறங்கிவிட, அங்கிருந்தவர்கள் திரண்டு வந்து மலாயில் வைதார்கள். எல்லைக்கு அப்பாற்பட்ட விவகாரங்களில் தமக்கு அதிகாரமில்லை என்று தலைவர் மலாயிலேயே பதிலளித்தார். நிலத்துக்கு மேல்தான் வேலி உண்டு, நிலத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான் என்பதை அவருடைய விதிகள் அறிந்திருக்கவில்லை.

மறுநாள் கிணற்றின் அடியில் கணுக்காலளவு நீர் ஊறியிருந்தது. அதன்மேல் எண்ணெய் படர்ந்திருந்தது.

“மயில் தோகையாட்டம் மினுக்குது, தலைவரே!” என்று எட்டிப் பார்த்து வியந்தாள் அஞ்சலை. “ஊத்துக்கண்ணு அடைஞ்சு போச்சோ என்னமோ. இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா...”

“நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்,” என்றார் தலைவர். அவள் சொல்லி முடித்த பிறகுதான் அவர் அதை நினைத்தார் என்பது வேறு.

பம்பைத் திருப்பி எடுத்துப்போக வந்த சிஹாபுதீன், தோண்டும் ஆட்களைக் கண்டு திகைத்தார்.

“வேணாம், தலைவரே! கடல் பக்கத்துலதான் இருக்கு. மேல கெடந்த நல்ல தண்ணியை இறைச்சுக் கொட்டிட்டீங்க. இன்னும் கீழே போனா உப்புத்தான் ஏறி வரும்.”

“என் கிணற்றுக்குள் வரக் கடலுக்கு என்ன அதிகாரம்?”

“அதையும் ஒரு விதியாப் போட்டுக் கடல்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க!”

தோண்டினார்கள். ஊற்று பீறிட்டது. கம்பமே கைதட்டியது. அன்று மதியம் இலையின் முன் அமர்ந்த தலைவர் முகத்தைச் சுளித்தார்.

“ரசத்தில் உப்புக் கூடிப்போச்சே, சிவகாமு.”

“நான் உப்பே போடலைங்க.”

அதன்பின் கம்பம் சிஹாபுதீனின் கருணையில் பிழைத்தது. காய்கறி லோரியில் அவர் டவுன் குழாய்த் தண்ணீரைப் பீப்பாய்களில் ஏற்றி அனுப்பினார். பெண்கள் வரிசையில் நின்று குடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கலியாணசுந்தரத்துக்கு உறக்கம் போயிற்று. கலகம் வெடிக்கும் என்று எதிர்பார்த்து, அதை அடக்கும் விதியை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒருத்தியாவது ஏச வேண்டுமே! வழியில் கண்டால், “இன்னும் ஏதாச்சும் செய்யப் போறீங்களா, தலைவரே?” என்று ஆவலோடு கேட்டார்கள். திட்டினால் தாங்கியிருப்பார், அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

எஞ்சியிருந்தது ஒரே அதிகாரம்: வெளி அதிகாரிகளை வரவழைப்பது. ஏதேனும் மருந்தைப் போட்டுக் கிணற்றைத் தெளிய வைத்துவிடுவார்கள் என்ற நப்பாசையில், சுகாதார அதிகாரியைக் கையோடு அழைத்துவரப் புறப்பட்டார். வெளுத்த சட்டை கேட்டாலே முறைக்கும் சிவகாமசுந்தரி, அன்று கேட்காமலே அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

அதிகாரி ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வாளியில் மொண்ட நீரை முகர்ந்தார், ஒரு துளியை நாக்கில் வைத்து, வடிகாலில் துப்பினார், மீண்டும் துப்பினார்.

“என்ன ஐசே இது? உப்பும் கிடக்குது, எண்ணெயும் கிடக்குது, சவுக்காரமும் கிடக்குது! ஒரு கிணத்துக்குள்ள இவ்வளவையும் எப்பிடிச் சேர்த்தனீங்கள்?”

“படிப்படியாக, ஐயா,” என்றார் தலைவர் ஈனக்குரலில்.

“எத்தினையோ கிணறு பாத்தனான். இப்பிடி ஒரு குறையும் இல்லாமல் கெட்ட கிணத்தை இண்டைக்குத்தான் காணுறன். மூடுங்கோ!”

பலகை அடித்துக் கிணற்றை மூடினார்கள். ஒவ்வோர் ஆணியும் தம் நெஞ்சில் இறங்குவதாகத் தலைவருக்குப் பட்டது. தாமே எழுதிய விதி தம்மையே விழுங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடியிருந்தோர்முன் கைகூப்பினார்.

“கிணறு போயிற்று. இந்த நிமிடம் முதல் நான் தலைவன் இல்லை.”

“அதுக்கேன் அழுறீர்?” என்றார் ராஜரத்தினம். “நல்ல கிணறு இருக்கிற இடத்துக்குக் குழாய் குடுக்கேலாது எண்டது எங்கட ஒழுங்கு. இப்ப உங்களுக்குக் கிணறே இல்லை. அடுத்த குழாய் உங்களுக்குத்தான்!”

கம்பம் அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மெல்லத் தோளுக்கு ஏற்றினார்.

குழாய் வந்த நாளில் மேளம் கொட்டியது. குழாய்க்கும் தலைவருக்கும் மாலை விழுந்தது. சங்கம் அன்றே குழாய்ச் சங்கமாயிற்று, தலைவர் மாறவில்லை. முழங்கிக்கொண்டு பாய்ந்த தண்ணீரில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைகள் அவை. அஞ்சலை முகத்தில் வாரி அடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

“தோழர்களே!” என்று தலைவர் முழங்கினார். “கெட்டதெல்லாம் நன்மைக்கே என்று வாளா இருப்பவர் பலர். கெட்டதையே நன்மையாக்கிக் காட்டுவதுதான் தலைமை!”

கரவொலி அடங்க நெடுநேரம் பிடித்தது. மாலை கழுத்தை அரிக்க அரிக்க, கழற்ற மனமின்றி வீடு திரும்பியவர், மனைவி கொடுத்த காப்பியை உறிஞ்சினார். உப்பில்லை, நுரையில்லை, எண்ணெயில்லை. நெடுநாள் உறுத்திய ஒரே ஒரு ஐயம் மட்டும் மிச்சமிருந்தது.

“ஏன் சிவகாமு, நான் அத்தனை தவறு செய்தபோதும் ஒருத்திகூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. என்மேல் அவ்வளவு மரியாதையா?”

சிவகாமசுந்தரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“போன வருசம் நாங்க பைப்பு கேட்டுப் போனப்ப, ‘கெணறு நல்லா இருக்கிற வரைக்கும் கெடையாது’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கெணத்தைச் சுருக்காக் கெடுக்க ஒங்களை விட்டா இந்தக் கம்பத்துல ஆளே இல்லைன்னு, நான்தாங்க எல்லாரையும் கை தூக்கச் சொன்னேன்.”