வழி கேட்டு வந்த பேராசிரியர்கள்

மகாராஜராஜஸ்ரீ மஹாதேவன் அத்திம்பேர் அவர்களுக்கு, டாக்குரியாவிலிருந்து மைத்துனன் பட்டாபி அநேக நமஸ்காரம். நானும் காமுவும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் இப்போதாவது படியேறச் சம்மதிக்கிறதா என்று எழுதவும்.

எங்கள் பெண் ரோஹிணிக்கு வேலை போகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே படித்து நீங்கள் பதறக்கூடாது. அவளுடைய பல்கலைக்கழகமும் நார்வேக்காரர்களின் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, நகரத்து ஜனங்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்கின்றன அல்லவா, அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் அவளுக்கு வேலை. அதைத் தீர்மானிக்க இங்ரிட் என்ற அம்மாளும் ஒரு நெட்டைப் பேராசிரியரும் வந்தார்கள். எங்கள் பேட்டை நூலகத்தில் குழந்தைகள் காத்திருக்க, இவர்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நாப்பது வருஷமா இங்கேயே இருக்கே, உனக்குத் தெரியாத சந்தாப்பா?" என்றாள் ரோஹிணி.

எனக்குத் தெரிந்தது வீட்டிலிருந்து பாங்க், பாங்கிலிருந்து வீடு. அந்த வழியையும் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். கைப்பேசியோ பந்தலுக்குள்ளேயே போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது. வேறு கதியில்லாமல் ஒரு மீன்காரரிடம் கேட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த ஊரில் செத்தாலும் ஒருவர் 'தெரியாது' என்று சொல்லமாட்டார். மீன்காரர் வலது பக்கம் என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர், அது எப்படி வலது என்று சண்டைக்கு வந்தார். மாடியிலிருந்து ஒரு மாஷிமா, நம்மூர் மாமி மாதிரி, எட்டிப் பார்த்து இரண்டு பேருமே முட்டாள்கள் என்றாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நூலகம் கட்டிய கதையை ஆரம்பித்து வெள்ளைக்காரன் காலத்துக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அதற்குள் நெட்டையர் கையில் டீ, அம்மாளுக்கு நாற்காலி. ரோஹிணியோ போன் மேல் போன் அடிக்கிறாள். கடைசியில் மீன்காரர், "ஆமி நியே ஜாச்சி, தாதா" என்று, தானே கூட்டிப்போவதாகக் கடையை அப்படியே விட்டுக் கிளம்ப, அவரை நம்பாத மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஊர்வலமாக நூலகத்தில் நுழைந்தோம். ரோஹிணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இங்ரிட் அம்மாள்தான் வயிற்றில் பால் வார்த்தார். "எங்கள் ஊரில் வழி தெரியாதவர் கைப்பேசியைக் கேட்பார். இங்கே ஒருவர் கேட்டால் தெருவே பாடம் நடத்துகிறது. நாங்கள் தேடி வந்தது இதைத்தான்" என்றார். இன்று காலை கையெழுத்து என்று நேற்றே முடிவாகிவிட்டது. "நீ வழி தப்பினது நல்லதாப் போச்சுப்பா" என்று ரோஹிணி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அத்திம்பேர். காமு வேண்டுதலை நிறைவேற்றக் காளிகாட்டுக்குப் போயிருக்கிறாள்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த
பட்டாபி

பி.கு.: உறையை ஒட்டும்போது ரோஹிணி போன் செய்தாள். பேராசிரியர்கள் இருவரும், அழைத்துப்போக வந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கைப்பேசிகளையும் அறையிலேயே வைத்துவிட்டு, வழி கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட வருகிறோம் என்று விடிந்ததுமே கிளம்பினார்களாம். முதலில் கார்டன் ரீச்சில் பார்த்ததாகத் தகவல். இப்போது யாருடைய போனிலிருந்தோ இங்ரிட் அம்மாள், ஹவுராவில் இருப்பதாகவும் எல்லோரும் மிக அன்பாகக் கற்றுத்தருவதாகவும் சொன்னாராம். கூடக் கையெழுத்துப் போடவேண்டிய துணைவேந்தர் மத்தியான விமானத்தில் டில்லி போகிறார். அதற்குள் இவர்களைப் பிடித்துவர நான் ஓடுகிறேன். ஹவுராவில் எனக்கு ஒரு சந்துகூடத் தெரியாது, யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.